மேனேஜருக்குக் காட்டிய வெயில்

ஆமை ஒன்றை உங்கள் மேசைமேல் கொண்டுவந்து வைத்தால் முதலில் அதன் ஓட்டைத் தொட்டுப் பார்க்கத்தான் கை பரபரக்கும். என் கையும் இருபத்தேழு வருடம் அப்படித்தான் பரபரத்தது. அழுகல், விரிசல், மெத்தென்று ஆகிப்போன ஓரம் எல்லாம் அங்கேதான் தெரியும். அதை வளர்க்கிறவர் எதிரிலேயே நிற்பார், அவரைப் பார்க்க மட்டும் நமக்கு நேரம் இருக்காது. இந்த வருடம் கிளினிக்கில் சேர்ந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும், "ஆமை கேஸ் வந்தா பயமா இருக்கு டாக்டர், ஏதாச்சும் எழுதிக் குடுங்க" என்று கேட்டீர்கள். மருந்தளவெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நான் செய்த ஒரு முட்டாள்தனத்தை எழுதுகிறேன். ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு மானம் போனால் என்ன, உங்களுக்கு உபயோகப்பட்டால் சரி.

நம் ஜொகூர்ப் பக்கம், செனாயில் நமக்கு வரும் ஆமைகளை உங்களுக்கே இப்போது தெரியும். காதோரம் சிவப்புக் கோடு போட்ட அதே ஜாதிதான். இரவுச் சந்தையில் குழந்தை அழுகிறது என்று வாங்கியிருப்பார்கள். குழந்தை வளர்ந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கும், ஆமை வீட்டிலேயே இருக்கும். பழைய ஓட்டுத் தகடு உரிவதைப் பார்த்துவிட்டு, "டாக்டர், ஓடு கழண்டு விழுது!" என்று அலறிக்கொண்டு வருவார்கள். உரிவது நல்லதுதான், அடியில் புது ஓடு இருக்கிறது என்று சொல்லி அனுப்புவோம். தீபாவளி முடிந்த வாரத்தில் நல்லெண்ணெய் வாசத்தோடு இரண்டு மூன்று ஆமையாவது வந்துவிடும். வீட்டில் எல்லாருக்கும் எண்ணெய்க் குளியல், அதற்கு மட்டும் கிடையாதா என்று யாருக்கோ மனசு கேட்டிருக்காது. எண்ணெய் மினுமினுப்பில் ஓட்டுக் குழியில் இருக்கும் அழுக்கும் அழுகலும் தெரியாமல் போகும். முதலில் துடையுங்கள், அப்புறம் பாருங்கள். வளர்ப்பவரைத் திட்டாதீர்கள். திட்டுவதில் நான் கைதேர்ந்தவள் என்பதால்தான் சொல்கிறேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது நம் கிளினிக்கில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நாயைச் சங்கிலியிலேயே கட்டிப்போட்டு வைத்திருந்தவர்களையும், பூனைக்குத் தடுப்பூசி போடாமல் விட்டவர்களையும் வெளுத்து வாங்கியிருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வாயில்லாத ஜீவனுக்காக நான் பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

நாகப்பன் அண்ணன் முதல்முறை வந்தபோது அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தொழிற்பேட்டையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். பெரிய உடம்பு, பெரிய மீசை, உள்ளே வரும்போது கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வருவார். கையில் சோறு வடிக்கும் பாத்திரம் ஒன்று. அதற்குள் கையகலத்தில் ஓர் ஆமை.

"பேரு என்னாண்ணே?" என்று கேட்டேன். அட்டையில் எழுத வேண்டுமே.

"மேனேஜர்."

"உங்க பேரில்லை, ஆமை பேரு."

"அதான் டாக்டர், மேனேஜர். கல்லு மேல ஏறி உக்காந்துகிட்டு, கழுத்த நீட்டி யாரு என்னா செய்றாங்கன்னு பாக்கும். ஏதாச்சும் கேட்டா உள்ள இழுத்துக்கும். எங்க கம்பெனி மேனேஜரு அப்படியேதான்."

வயிறு குலுங்கச் சிரித்தேன். அவருக்கும் அவர் மனைவி சரசுவுக்கும் பிள்ளைகள் இல்லை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். வேலை முடிந்து வந்தால் அந்த ஆமையோடுதான் அவருக்குப் பேச்சு.

மேனேஜரின் மேல் ஓட்டின் ஓரம் லேசாக நெகிழ்ந்திருந்தது. நான் கேட்டவரை, அதற்குக் கொடுத்ததெல்லாம் தோல் உரித்த இறாலும் ரொட்டியும். தொட்டி சமையலறைக்குள். சுண்ணாம்புச் சத்தும் இல்லை, வெயிலும் இல்லை, ஓடு எப்படி இறுகும்? சாப்பாட்டை மாற்றச் சொன்னேன். முள்ளோடு சின்ன மீன் போடச் சொன்னேன். மருந்து கொடுத்தேன். "தினம் காலையில ரெண்டு மணி நேரம் வெளிய வெயில்ல வைங்க. மறக்கக் கூடாது" என்றேன். அவர் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனபோது, பின்னாலிருந்து இன்னொன்றும் சொன்னேன்.

"காக்காயப் பாத்துக்குங்கண்ணே. கண்ணைக் கொத்திடும்."

அவர் நின்று திரும்பித் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்து ஒரு பூனை காத்திருந்தது. ஒரு கேஸை நல்லபடியாக முடித்த திருப்தியில் அதைப் பார்க்கப் போய்விட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை அவர் வந்தார். அன்று காத்திருக்கும் இடத்தில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ரோட்டில் காடி மோதி அடிபட்ட நாய் ஒன்று உள்ளே மேசைமேல் கிடந்தது. அவசரத்தில் அவரை அங்கேயே நிற்கவைத்துப் பாத்திரத்துக்குள் கைவிட்டுப் பார்த்தேன். ஓட்டின் ஓரம் நனைந்த அட்டை மாதிரி என் விரலுக்கு வளைந்தது. முன்பைவிட மோசம்.

"வெயில் காட்டுனீங்களா?"

"காட்டுனேன் டாக்டர். தினம்."

"தினம் காட்டுனா இப்படி ஆகாதுண்ணே."

"இல்ல டாக்டர், ரெண்டு மணி நேரம்…"

"பொய் சொல்லாதீங்க! ஜொகூர்ல வெயிலுக்கு என்னா பஞ்சமா? வெயில் காட்டுன ஆமைக்கு ஓடு இப்படி இருக்காது. வளக்க முடியலன்னா எதுக்கு வளக்குறீங்க?"

ஆறு பேரும் கேட்டார்கள். அவ்வளவு பெரிய ஆள், மீசைக்குக் கீழே உதடு அசைந்தது. மருந்தை வாங்கிக்கொண்டு, கதவு நிலையில் குனிந்து வெளியே போனார். பதில் சொல்ல முடியவில்லை, மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். அந்த நாயைக் காப்பாற்றிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது எனக்கு மிக நல்ல நாளாகத்தான் பட்டது.

ஆறு வாரத்துக்குப் பிறகு கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வந்தார்கள். மேனேஜர் நாலு நாளாகச் சாப்பிடவில்லை. பின்னங்கால்களை ஊன்ற முடியாமல் வயிற்றால் தேய்த்தது. தாடை எலும்பே மெத்தென்று இருந்தது. முதுகின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. மருந்து கொடுத்தாயிற்று, சாப்பாடு மாற்றியாயிற்று, காரணம் என்று நான் நினைத்ததைச் சரிசெய்ய இவர் தயாராக இல்லை. இனிமேல் இழுத்துக்கொண்டு போவது அந்த ஜீவனைச் சித்திரவதை செய்வது என்று முடிவு செய்தேன். வலியில்லாமல் ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்று மெதுவாகத்தான் சொன்னேன். இந்தமுறை கத்தவில்லை.

சரசு அழ ஆரம்பித்தார். நாகப்பன் அண்ணன், "டாக்டர் சொன்னா சரி" என்று மட்டும் சொன்னார். கையெழுத்துப் போட்டார். நான் ஊசியில் மருந்தை ஏற்றித் தட்டில் வைத்துவிட்டு, அவர்களுக்குக் கொஞ்ச நேரம் தனிமை கொடுக்கலாம் என்று வெளியே போனேன்.

திரும்பி வந்தபோது அண்ணன் தன் மனைவியைத் தேற்றுவதற்காகக் கைப்பேசியில் பழைய வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். "அழுவாத லா. இங்க பாரு, என்னமா நீட்டிப் பாக்குது பாரு" என்றார். எனக்கும் பார்க்கும்படி கைப்பேசியைத் திருப்பினார். முன்வாசல் தரையில் ஒரு பேசின், அதில் ஒரு கல், கல்மேல் மேனேஜர். பக்கத்தில் முக்காலி போட்டு அவர் உட்கார்ந்திருக்கிறார். பின்னணியில் பழைய பாட்டு ஓடுகிறது. எல்லாமே நீலமாக இருந்தன. ஆமை நீலம், தண்ணீர் நீலம், அவருடைய வெள்ளைப் பனியனும் நீலம்.

"போன் கேமரா கெட்டுப்போச்சாண்ணே? எல்லாம் நீலமா இருக்கு?"

"இல்ல டாக்டர். அவ்னிங் கலரு."

நம் ஊரில் தாமான் குடியிருப்பில் வீடு வாங்கிய ஒவ்வொருவரும் முதலில் செய்கிற காரியம், காடி நிறுத்தும் முன்வாசலுக்கு மேல் பாலிகார்பனேட் அவ்னிங் கூரை போடுவதுதான். வெளிச்சம் வரும், மழை வராது.

கைப்பேசியை வாங்கிக் கிட்டே வைத்துப் பார்த்தேன். "எப்பப் போட்டீங்க அந்த அவ்னிங்?"

"மேனேஜருக்காகப் போட்டதுதான் டாக்டர். நீங்கதான் காக்காயப் பாத்துக்கச் சொன்னீங்களே. அந்த வாரமே ஆளு புடிச்சுப் போட்டுட்டேன்."

நீங்கள் படித்தவர்கள், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் நான் அன்று மறந்திருந்ததால் எழுதுகிறேன். வெயிலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பகுதி உண்டு. அது மேலே பட்டால்தான் ஆமையின் உடம்பு சாப்பிட்ட சுண்ணாம்புச் சத்தை எடுத்து ஓட்டில் சேர்க்கும். கண்ணாடியும் அந்தக் கூரைத் தகடும் சூட்டை விடும், வெளிச்சத்தை விடும், அந்தப் பகுதியை மட்டும் நிறுத்திவிடும். அவர் தினமும் ஆமையை வெளிச்சத்தில்தான் வைத்திருந்தார், சூட்டில்தான் வைத்திருந்தார். ஆமைக்கு வேண்டியது மட்டும் அதில் இல்லை. நான் சொன்ன இரண்டு வார்த்தையையும் அவர் அட்சரம் பிசகாமல் கேட்டிருக்கிறார். இரண்டாவது வார்த்தை முதல் வார்த்தையைத் தின்றுவிட்டது.

ஊசி தட்டில் இருந்தது. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அந்த ஒன்றிரண்டு நிமிடத்தைப் பற்றித்தான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். தப்பு என்னுடையது என்று தெரிந்தவுடன் ஊசியைத் தூர எறியத்தான் கை போனது. அப்படி எறிவதும் தப்பாக இருக்கலாம். ஆமையின் நிலைமை ஐந்து நிமிடத்துக்கு முன்னால் இருந்த அதே நிலைமைதான். என் மனசு ஆற வேண்டும் என்பதற்காக அதை இன்னும் ஒரு மாதம் துன்பப்பட வைக்கக் கூடாது அல்லவா? அதனால் என் குற்றத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, முதன்முறையாகப் பார்ப்பது போல மேனேஜரை மறுபடி பார்த்தேன். மூச்சு சீராக இருந்தது. கண் தெளிவாக இருந்தது. ஓட்டில் அழுகல் இல்லை. முன்காலைத் தொட்டால் இழுத்துக்கொண்டது. காரணத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டுதான் நான் ஊசி எடுத்திருந்தேன். இப்போது காரணம் தெரிந்துவிட்டது, அது சரிசெய்யக்கூடிய காரணம்.

"அண்ணே, பத்து நாள் குடுங்க எனக்கு" என்றேன். "இங்கேயே வச்சுப் பாக்குறேன். பத்து நாள்ல அது தானா வாயத் தொறந்து சாப்பிடலன்னா, நான் கூப்புட்டுச் சொல்றேன். அப்ப வேற வழியில்ல."

"ஊசி?"

"இப்ப வேணாம்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. நானும் அங்கே சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். நான் முதன்முதலில் வேலை பார்த்த கோத்தா திங்கி கிளினிக்கின் பெரிய டாக்டர், மீனும் ஆமையும் வந்தால் வீட்டைப் பார்க்காமல் மருந்து எழுத மாட்டார். போகிற வீட்டில் தே தாரேக் டீயும் பலகாரமும் கிடைக்கும் என்றுதான் போகிறார் என்று நாங்கள் இளசுகள் கேலி செய்வோம். சொந்தக் கிளினிக் வைத்ததும் அந்தப் பழக்கத்தை நேர விரயம் என்று விட்டுவிட்டேன்.

அண்ணன் வேலைக்குப் போயிருந்தார், சரசுதான் இருந்தார். புத்தம் புதுக் கூரை, நல்ல நீலம். பக்கவாட்டில்கூட வெயில் நேராக விழ இடமில்லை. உள்ளே தண்ணீர் குடிக்கப் போனபோது சமையலறைச் சுவரில் குதிரைப் படம் போட்ட பெரிய எண் காலண்டர் தொங்கியது. ஒவ்வொரு நாள் கட்டத்திலும் பென்சிலில் ஏதோ எழுதியிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். 8.10–10.10. 8.00–10.00. மழை. 8.15–10.15. இரவு ஷிப்ட் நாட்களில் 'சரசு' என்று எழுதியிருந்தது. தைப்பூசத்தன்று 7.30–9.30, கோயிலுக்குப் புறப்படுவதற்கு முன்னால். ஒரே ஒரு கட்டத்தில் 'மறந்துட்டேன்' என்று இருந்தது. நான்கரை மாதம், ஒரு கட்டம் காலியில்லை.

"அன்னைக்கு நீங்க ஏசுனீங்கன்னு வந்து சொன்னாரு" என்றார் சரசு. "இத எடுத்துட்டுப் போய்க் காட்டுங்கன்னு சொன்னேன். வேணாம்னுட்டாரு."

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தச் சமையலறையில் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல், அவர் கொடுத்த தண்ணீரை முழுவதும் குடித்தேன். பிறகு கூரையைப் பற்றிச் சொன்னேன். தப்பு யாருடையது என்பதையும் சொன்னேன். சரசு வாசலுக்கு வந்து கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அலமாக், அவ்னிங்கா?" என்றார்.

மேனேஜரை நம் கிளினிக்கின் பின்வாசலில், கம்பி வலைக்கு அடியில், காலை வெயிலில் வைத்தோம். பாதிக்கு நிழல் விட்டிருந்தோம், சூடு தாங்காவிட்டால் அதுவே நகர்ந்துகொள்ள வேண்டும். நகர முடியாத நாட்களில் நான் பக்கத்தில் உட்கார்ந்து நகர்த்தினேன். ஐந்தாம் நாள்வரை ஒன்றும் நடக்கவில்லை. ஏழாம் நாள், நாகப்பன் அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் வார்த்தை தேட ஆரம்பித்துவிட்டேன். எட்டாம் நாள் காலையில் நெத்திலி ஒன்றைத் தண்ணீரில் போட்டேன். மேனேஜர் கழுத்தை நீட்டி அதை ஒரு நிமிடம் நன்றாகப் பார்த்தது, பிறகு கவ்வியது. நான் போட்ட சத்தத்தில் உள்ளே இருந்த நாய்களெல்லாம் குரைத்தன.

வீட்டில் அண்ணன் கூரையின் ஒரு தகட்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கம்பி வலை அடித்தார். காக்காயும் வராது, வெயிலும் வரும். காடியில் மழை விழுகிறதே என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதற்கு, காடிக்கு ஓடு நல்லாத்தான் இருக்கு என்று சொன்னாராம்.

நான் திட்டியது ஆறு பேர் முன்னால். மன்னிப்பை மட்டும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பது நியாயமில்லை என்று பட்டது. மேனேஜரை வீட்டுக்கு அனுப்பும் சனிக்கிழமை, காத்திருக்கும் இடத்துக்கே வந்து, "இந்த அண்ணன நான் பொய் சொல்றார்னு ஏசுனேன். அவர் சொன்னது உண்மை. தப்பு என்னோடது" என்று உரக்கச் சொன்னேன். அன்று திட்டியதைக் கேட்ட ஆறு பேரில் ஒருவர்கூட அங்கே இல்லை. இருந்தவர்கள் இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். பூனைக்கூடையோடு உட்கார்ந்திருந்த மலாய்ப் பெரியவர் ஒருவர், தமிழில் ஒரு வார்த்தையும் புரியாமல், "பாகுஸ், டாக்டர், பாகுஸ்", நல்லது நல்லது என்று தலையாட்டினார். நாகப்பன் அண்ணனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஓடு இறுக முழுதாக ஒரு வருடம் ஆனது. முதுகில் விழுந்த பள்ளம் அப்படியே இருக்கிறது, அது இனிப் போகாது. ஓடு ஒருமுறை கோணிவிட்டால் கோணியபடியேதான் இறுகும். நன்றாக வளர்ந்து இப்போது சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கிறது. எனக்குப் பிறகும் பல வருடம் அது இருக்கும் என்று நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது.

கடைசிப் பரிசோதனை அன்று ஓரத்தை அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை. அட்டையை எழுதி மூடிவிட்டு, வெகுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"அன்னைக்கு நான் அவ்வளவு ஏசுனேன். வீட்டுல காலண்டர் இருந்துச்சு. ஒரு வார்த்த திருப்பிச் சொல்லியிருக்கலாமே, ஏண்ணே சொல்லல?"

அவர் மேனேஜரைத் தூக்கிப் பாத்திரத்துக்குள் வைத்தார். அதன் தலை வெளியே வரும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்.

"நான் பொய்க்காரன்னா பரவால்ல டாக்டர். வீட்டுக்குப் போய் இன்னும் நல்லாக் காட்டலாம், சரியாயிரும். ஆனா நீங்க சொன்ன வைத்தியமே தப்புன்னு ஆயிருச்சுன்னா, அப்புறம் மேனேஜருக்கு யாரு இருக்கா?"

நான் ஏசியதற்கு மறுநாளிலிருந்து அந்தக் காலண்டரில் இரண்டு மணி நேரம் இரண்டரை மணி நேரமாக, 8.00–10.30 என்று, மாறியிருந்ததை நான் பார்த்திருந்தேன். ஏன் என்று யோசிக்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.